வெங்காயத்துக்கு முறை வைத்த வருடம்

என் அண்ணனின் மோட்டார் கொட்டகைக்கு அந்தப் பொங்கலுக்குத்தான் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைச் சுவரில், அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சார் அடுப்புக்கரியை எடுத்து இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டார். ஒன்று மேலே ஏறும் கோடு, இன்னொன்று கீழே இறங்கும் கோடு. பிறகு இரண்டுக்கும் நடுவே கரியை மேலும் கீழும், இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே போனார். பெட்டிக்கு வெளியே பெட்டியாக அது பெருத்துக்கொண்டே வந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, எலி வளையாட்டம் இருக்கு?" என்றார். "சிலந்தி வலை மச்சான். இதுக்குள்ளதான் நாம எல்லாரும் மாட்டிக்கிட்டிருக்கோம்" என்று சார் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னார். மாட்டிக்கொண்டதைச் சொல்லும்போது ஒரு மனிதருக்கு அவ்வளவு உற்சாகம் வரக்கூடாது. அண்ணி என் காதருகே வந்து, "நேத்துதான் ரெண்டாம் பூச்சு அடிச்சோம்" என்று முனகினார்.

சார் என்று நான் சொல்வது என் கணவரை. கட்டிக்கொண்டவரைச் சார் என்று எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பெரம்பலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவர் பொருளாதார ஆசிரியராக இருந்தார். கறிகாய்க் கடைக்காரர், பஸ் கண்டக்டர், எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த அம்மாள் எல்லோரும் அவரைச் சார் என்றார்கள். என் பிறந்த வீட்டிலும் அண்ணனைத் தவிர மற்றவர்களுக்கு அவர் சார்தான். நேரில் நான் 'ஏங்க' என்று கூப்பிட்டேன். ஆனால் அவர் பேசும்போது வீட்டிலும் கரும்பலகை முன்னால் நிற்பவர் போலவே நிற்பார். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாலும் நிற்பதுபோலத்தான் தோன்றும். அதனால் மனத்துக்குள் எனக்கும் அவர் சாராகவே ஆகிவிட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். முந்திரிக்கொல்லைக்காரர்கள். வெங்காயத்தைச் சாம்பாரில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர். நான் பிறந்தது பாடாலூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில். எங்கள் ஊரில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம் மட்டும்தான். பேச்சு, கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம் அதன் விலையைப் பார்த்துத்தான் நடக்கும். விலை ஏறிய வருடம் ஊரில் இரண்டு மச்சு வீடு எழும்பும். இறங்கிய வருடம் பெண் பார்க்க வந்தவர்களிடம் 'தை பிறக்கட்டும்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் சாருக்குக் கழுத்தை நீட்டியது ஒரு நல்ல விலை வருடத்தில்தான். அண்ணன்தான் எல்லாம் செய்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு அவர்தான் அப்பா.

சார் வகுப்பில் நடத்திய பாடப் புத்தகத்தில் காற்றையும் தண்ணீரையும் இலவசப் பண்டங்கள் என்று போட்டிருக்கும். காசு கொடுக்காமல் வேண்டிய அளவு கிடைப்பவை என்று அதற்கு விளக்கம். அந்த வரி வரும் நாளில் அவர் வீட்டுக்குக் கோபமாகத்தான் வருவார். கிணறு ஆழப்படுத்தப் பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் வகுப்பறை ஜன்னல் வரை கேட்கிறது, அந்தப் பிள்ளைகளிடம் தண்ணீர் இலவசம் என்று நான் எந்த வாயால் சொல்வது என்பார். பரீட்சைக்கு அதைத்தான் எழுத வேண்டும், அதனால் எழுத வைத்தார். எழுத வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் போய், தாத்தா காலத்தில் கிணற்றில் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது, இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அவர்கள் கேட்டு வந்ததை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார். விலைக்குக் கண் கிடையாது, அது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது, எட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு சந்தையை மனிதர்கள்தான் உண்டாக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய பேச்சு. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் புளி கரைத்திருக்கிறேன், பிள்ளைக்குத் தலை பின்னியிருக்கிறேன். கேட்கக் கேட்கச் சரியாகத்தான் இருக்கும். அதுதான் சாரிடம் இருந்த தொல்லை.

அண்ணன் கொட்டகைச் சுவரில் அவர் போட்ட படமும் இதைத்தான் சொன்னது. இந்த வருடம் விலை கூடுதல் என்றால் அடுத்த போகம் ஊரே வெங்காயம் போடும். ஊரே போட்டால் விலை விழும். விழுந்தால் அதற்கடுத்த வருடம் யாரும் போட மாட்டார்கள், மறுபடி விலை ஏறும். "இப்படியே சுத்திக்கிட்டே இருக்கோம் மச்சான். விலை கீழ போனாலும் திரும்பி மேல வந்துடுது. ஒவ்வொரு சுத்துக்கும் கிணறு ஒரு மட்டம் கீழ போவுதே, அது மட்டும் திரும்பி வர்றதில்ல" என்றார். அண்ணன் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். அவருக்குப் படம் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கிணறு திரும்பி வருவதில்லை என்றது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பால் சொசைட்டிக் கட்டடத்தில் சார் ஒரு கூட்டம் கூட்டினார். வெங்காயம் போடுகிற குடும்பத்துக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். என்னைப் போல இரண்டு மூன்று பெண்கள் பால் கேன்களுக்குப் பின்னால் நின்றோம். சார் அன்றைக்குப் படம் எதுவும் போடவில்லை. எங்கள் ஊர் வார்த்தை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் கிணறு பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொது. இன்றைக்கு இவர் மோட்டார் போட்டு இறைத்தால் நாளைக்கு அவர். அதற்கு முறை என்று பெயர். முறை தப்பி யாரும் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள். வெட்டுக் குத்துப் பகை உள்ள பங்காளிகள்கூட முறையை மீறியதில்லை.

"பங்காளிக் கிணத்துல என்ன பண்றீங்க? இன்னிக்கு உங்க முறை, நாளைக்கு அவரு முறை. எல்லாரும் ஒரே நாள்ல எறைச்சா யாருக்கும் பாயாதுன்னு உங்களுக்கு யாரும் பாடம் நடத்தல. சந்தையும் ஒரு கிணறுதாங்க. அதுக்கும் முறை வைப்போம். இந்த வருஷம் பாதிப் பேரு வெங்காயம் போடட்டும். மிச்சப் பேரு சோளம், கடலைன்னு தண்ணி அதிகம் கேக்காததைப் போடட்டும். அடுத்த வருஷம் மாத்திக்குவோம். விலையும் விழாது, கிணறும் மூச்சு விடும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. படிப்பாளி பேச்சாக இருந்திருந்தால் கும்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இது அவர்கள் வார்த்தையாக இருந்தது. அண்ணனின் வெங்காயக் கொல்லைக்கு மேற்கே கொல்லை வைத்திருந்தவர், அவரை நாங்கள் மேலக்கொல்லைக்காரர் என்போம், அவர் மட்டும் எழுந்து, "சார் சொல்றது நியாயந்தான். மொதல்ல வுட்டுக்குடுக்கறது யாரு? அதைச் சொல்லுங்க" என்றார். சார் சுற்றிப் பார்த்தார். பார்வை அண்ணன் மேல் வந்து நின்றது. "எங்க மச்சான் மொதல் ஆளா விட்டுக்கொடுப்பாரு" என்றார்.

அண்ணனை அவர் முன்கூட்டிக் கேட்கவில்லை. அண்ணனின் காது மடல் சிவந்தது. ஊர் முழுவதும் அவரைப் பார்த்தது. எழுந்து துண்டைச் சரி செய்துகொண்டு, "மாப்ள சொல்லிட்டாரு. அப்புறம் என்ன இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும், நானும் விடறேன், நானும் விடறேன் என்று பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினார்கள். தங்கை புருஷன் பேச்சுக்காக இவரே வெங்காயத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். மேலக்கொல்லைக்காரர் போடுகிற பாதியில் போய்ச் சேர்ந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றேன். "மச்சானைக் கேக்கணுமா? வேற யாரையாவது சொல்லியிருந்தா, சொந்தக்காரனைக் காப்பாத்திட்டாருன்னு பேசுவாங்க. நம்ம வீட்லேருந்து ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க நம்புவாங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிப் புன்னகை செய்துகொண்டார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நம்ம வீடு என்று அவர் சொன்னது என் அண்ணன் வீட்டை. எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்.

அந்தப் போகம் அண்ணன் கொல்லையில் சோளம் போட்டார். சோளம் நன்றாகத்தான் வந்தது. கிணறும் சார் சொன்னபடி மூச்சு விட்டது. கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது, பல வருடங்களாகக் காய்ந்து கிடந்த படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. சார் கிணற்றடியிலேயே நின்றார், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. வெங்காயம் அறுத்த நேரத்தில் விலை ஏறியது. ஏறியது என்றால் அப்படி ஒரு விலையை நான் என் வயதுக்குப் பார்த்ததில்லை. திருச்சி மண்டிக்காரர்கள் ஊருக்குள்ளேயே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலக்கொல்லைக்காரர் பட்டறை போடவே இல்லை. பட்டறை என்பது, விலை வரும்வரை வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்து வைக்கக் கொல்லையில் கட்டும் கொம்புப் பரண். அவருக்கு அது தேவைப்படவில்லை. மூட்டை களத்திலிருந்து நேரே லாரியில் ஏறியது.

அந்த வாரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இலை போட்டேன். சார் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமலே, கண் பளபளக்கப் பேசினார். "பாத்தீங்களா மச்சான்? நீங்க பாதிப் பேரு விட்டதாலதான் வெலை ஏறுச்சு. நீங்க போட்டிருந்தா இந்த வெலை கெடையாது. அப்படியே புத்தகத்துல இருக்கறது. நம்ம ஊர்ல நிரூபணமாயிடுச்சு!" அண்ணன் ஒரு வாய் சோற்றை எடுத்தவர் அதை இலையிலேயே வைத்தார். "நிரூபிக்கறதுக்கு என் கொல்லைதான் கெடச்சுதா மாப்ள?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்பதுபோலக் கேட்டார். சார் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். நான் ரசம் ஊற்றினேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஆனாலும் அண்ணன் முறையை நம்பினார். அடுத்த போகம் தன்னுடையது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. விதை வெங்காயம் ஒன்றுதான் பாக்கி. ஒரு வருடம் போடாமல் விட்டவருக்குக் கையில் விதை இருக்காது. அதைப் பற்றிச் சார் யோசிக்கவில்லை. அவர் படத்தில் விதைக்கு இடமில்லை. ஊர்க்காரர்கள் யோசித்தார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக யோசித்திருந்தார்கள். கிணற்று முறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் முறையன்று கரண்ட் இல்லாமல் போனால், அடுத்த முறைக்காரர் தன் நேரத்தில் பாதியை அவருக்கு விடுவார். யாரும் அதற்குக் கூலி கேட்பதில்லை. அதே மாதிரி, போன வருடம் போட்டவர்கள் விட்டவர்களுக்கு விதைக்கு விதையாகக் கொடுப்பார்கள், அறுத்ததும் அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். முறை என்று சொன்ன பிறகு அதைத் தனியாகப் பேச வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மேலக்கொல்லைக்காரருக்கு முறை என்றால் யார் போடுவது, யார் விடுவது என்பதோடு சரி. ஒரே வார்த்தைதான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள்.

அண்ணன் கோணிச் சாக்கோடு அவர் களத்துக்குப் போனபோது நாங்களும் கூட இருந்தோம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். மேலக்கொல்லைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "வெதை தர்றேன், வெலைக்கு வாங்கிக்குங்க. முறை, போடறதுக்கும் விடறதுக்குந்தானே வச்சோம், வெதையக் கடனுக்குக் குடுக்கறதுக்கா வச்சோம்?" அண்ணன், "சும்மாவா கேக்கறேன்? அறுத்ததும் அளவுக்கு அளவு குடுத்துடறேன்" என்றார். "இன்னிக்கு இது என்ன வெலை, நீங்க அறுக்கறப்ப என்ன வெலையோ? மூட்டைக்கு மூட்டை எப்படி சரியாவும்? சார்தான் இருக்காரே. சாரே சொல்லட்டும்" என்று அவர் சாரைப் பார்த்தார்.

அண்ணனும் சாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு மாப்பிள்ளை சொல்ல வேண்டியது ஒன்றுதான். எங்க மச்சானுக்குக் குடுங்க, நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தால் போதும். மேலக்கொல்லைக்காரர் கொடுத்திருப்பார், சாரின் வாய் வார்த்தைக்கு அன்று ஊரில் அவ்வளவு மதிப்பு இருந்தது. சார் நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பரீட்சைத் தாள் திருத்தும்போது விடை சரியா தப்பா என்று பார்ப்பாரே, அந்த முகம். பிறகு, "அவரு சொல்றதும் ஒரு விதத்துல சரிதான் மச்சான்" என்றார்.

அண்ணன் சாக்கை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப சரி மாப்ள" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபடி நான் நின்றேன். அன்றைக்குச் சார் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சாதாரணமானது அல்ல. "உங்க நியாயம் என் பொறந்த வூட்டு வாசல்ல வந்துதான் நிக்கணுமா?" என்று வழியெல்லாம் கத்தினேன். அவர் திகைத்துப் போனார். தப்பாக ஏதாவது சொன்னேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சரியாகச் சொன்னதுதான் தப்பு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் மண்டியில் கடன் எடுத்து, ஏறிய விலைக்கே விதை வாங்கினார். போட்ட காசைப் பிடிக்க வேண்டும் என்று கொல்லை முழுவதும் வெங்காயமே வைத்தார். மேலக்கொல்லைக்காரரும், அவரோடு சேர்ந்த பாதியும், முறையை மறந்துவிட்டு மறுபடி வெங்காயம் வைத்தார்கள். கையில் விதை இருக்கிறது, விலை இருக்கிறது, எவன் விடுவான்? கிணற்றில் முறை தப்பி இறைத்தால் ஈர வாய்க்கால் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எல்லோரும் போட்டார்கள், யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? சுற்று வட்டத்து ஊர்களும் விலையைக் கேள்விப்பட்டுப் போட்டன. மூச்சு விட்ட கிணறுகள் ஒரே போகத்தில் வற்றி அடி கண்டன. ஊரில் தினமும் வெடிச் சத்தம். அண்ணனும் கிணற்றுக்கு வெடி வைத்தார். பாறைத்தூள்தான் வந்தது.

அந்த வருடம் என்ன நடக்கும் என்று சாருக்கு முன்னாலேயே தெரியும். எனக்கே தெரியும், கொட்டகைச் சுவரில் படமே இருந்ததே. அண்ணனிடம் போய்ப் பாதிக் கொல்லையிலாவது வேறு வைக்கச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். "நான் எந்த மொகத்தோட போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுச் சார் திண்ணமாக மறுத்துவிட்டார். கடைசியில் நானே போனேன். அண்ணன் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "இது மாப்ள பேச்சா, உன் பேச்சா பாப்பா?" என்றார். "என் பேச்சுதாண்ணே" என்றேன். "நீ எப்ப பொருளாதாரம் படிச்ச?" என்று சிரித்தார். மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

விலை விழுந்தது. ஏற்றுக்கூலிக்குக்கூடக் கட்டாது என்று மண்டிக்காரர்கள் லாரி அனுப்பவில்லை. எல்லோர் கொல்லையிலும் பட்டறை நின்றது, விலை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே. மழை முந்திக்கொண்டது. ஊருக்குள் பஸ் திரும்பும்போதே அழுகின வாடை வந்து முகத்தில் அடிக்கும். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள், மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அண்ணன் கொல்லைக்குப் போய், பட்டறையில் அழுகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். சாயங்காலம் அவர் சட்டையைத் துவைத்தேன், இரண்டு தடவை சோப்பு போட்டும் வாடை போகவில்லை.

மண்டிக் கடனுக்கு அண்ணன் கொல்லையில் ஒரு பகுதி போனது. மேலக்கொல்லைக்காரரே வாங்கினார். அதன் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். எங்கள் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வந்தது. பட்டுப் பாவாடை, பழம், வெற்றிலைபாக்கு என்று தட்டில் ஒரு குறையும் இல்லை. தட்டை எடுத்து வந்தது அண்ணி மட்டும். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றார். காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும் என்பது அண்ணிக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டுப் பந்தி பரிமாறப் போனோம்.

சாரும் மாறிப் போனார். தண்ணீர் இலவசப் பண்டம் என்று புத்தகத்தில் இருந்ததை இருந்தபடி நடத்தினார். பிள்ளைகளைக் கிணற்றுப் படி பார்த்து வரச் சொல்வதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தால் செய்தித்தாள், காபி, தூக்கம். அவர் தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, மனிதர்கள் தோற்பார்கள். இவ்வளவு சரியாக யோசித்த ஒருவர் யோசிப்பதையே விட்டுவிட்டது எனக்குத் தாங்கவில்லை. அவர் பேச்சு ஓயாதா என்று அலுத்துக்கொண்ட நானே, ஏதாவது பேசுங்களேன் என்று கேட்கிற நிலைமை வந்தது. "என்ன பேசறது?" என்பார்.

இப்போது இதையெல்லாம் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். போன மாதம் நெடுஞ்சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி என்று என் மகள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். நீடித்த சந்தை, நிலைத்த வாழ்வாதாரம் என்று பின்னால் பேனர் கட்டியிருந்தார்கள். சின்ன வயதுப் பையன் ஒருவன் திரையில் அதே இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டுக் காட்டினான். நன்றாகவே பேசினான். எல்லோரும் சேர்ந்து திட்டமிட்டுப் பயிர் வைத்தால் எல்லோருக்கும் நல்லது என்றான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்கள். முதலில் விட்டுக்கொடுப்பது யார், விட்டவனுக்கு விதை யார் கொடுப்பது என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவன் முகத்தில் அவ்வளவு உற்சாகம் இருந்தது. இந்த வயதில் எனக்கு இன்னொரு உற்சாகத்தைத் தாங்கச் சக்தி இல்லை. கிணறுகளை மூடிப் பல வருடம் ஆகிறது, இப்போது எல்லாம் ஆழ்துளைதான். அதற்கு முறை வைக்க ஆளும் இல்லை, எட்டிப் பார்க்கப் படியும் இல்லை.

சார் எண்பதுகள் முடிவதற்குள்ளேயே போய்விட்டார். ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து மாலை போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் அண்ணன் வந்தார். கையில் துணிக்கடைத் தாளில் சுற்றிய கோடிப் புடவை. தாலி அறுக்கும் தங்கைக்குப் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டியது அது. எங்கள் பக்கத்தில் வெள்ளையோ வெளிர் நிறமோதான் எடுப்பார்கள். அண்ணன் அரக்கு நிறத்தில் எடுத்து வந்திருந்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இவ்வளவு வருடம் கழித்து அவரை அவ்வளவு அருகில் பார்க்கிறேன். கிழவராகியிருந்தார். சார் முகத்தைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் சொன்னாரு மாப்ள. தப்பா ஒண்ணும் சொல்லல. அந்த எல்லாருக்குள்ள நானும் இருந்தனான்னு ஒரு தடவ கேக்கணும்னு இருந்தேன் பாப்பா. வரணும் வரணும்னு நெனைச்சே நாள் போயிட்டுது."

"இருந்தீங்கண்ணே. மொதல் ஆளா நீங்கதான் இருந்தீங்க. அதனாலதான் உங்களைக் கேக்கணும்னே அவருக்குத் தோணல" என்றேன்.

அண்ணன் புடவையைப் பிரித்து என் தோளில் போர்த்தினார். பிறகு எழுந்து, சாரின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். தூக்குகிற நேரம் வரும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.